குட்டனுக்காக எடுத்த மீசை

கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் வீரணன். வீரம் எல்லாம் அந்தப் பெயரோடு சரி. இப்போது அங்கே வேலை பார்க்கிற ஆட்கள் வாரம் ஒருமுறையாவது எனக்குப் போன் போடுகிறார்கள்.

"அண்ணே, வளந்த நாய ஒருத்தர்ட்ட இருந்து வாங்கி வளக்குறாக. ஆளையும் கடிக்குது, நாயையும் கடிக்குது. போன்ல வீடியோ பாத்து என்னென்னமோ செஞ்சுட்டு, முடியாமப் போயி இங்கன வந்து நிக்கிறாக. என்ன சொல்லட்டும்?"

முன்பெல்லாம் கடிக்கிற நாய்க்கு யாரும் யோசனை கேட்டு வந்ததில்லை. கயிறு கேட்டுத்தான் வந்தார்கள். இப்போது யோசனை கேட்கிறார்கள். நல்ல மாற்றம்தான், ஆனால் என்னிடம் கேட்பதுதான் தப்பு. இந்த விஷயத்தில் என் அனுபவம் ஒரே ஒரு நாய், அதற்காக நான் பறிகொடுத்த ஒரே ஒரு மீசை. அதை ஒவ்வொரு போனிலும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள். மூன்றாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்து, வாத்தியாருக்கே அலுத்துப்போய் வெளியே வந்தவன் நான். கெட்ட வார்த்தை வருகிற இடத்தில் எல்லாம் இவள் புள்ளி வைத்துவிடுகிறாள்.

வேலை பழகிய கதை சின்னது. தினக்கூலியாகச் சேர்ந்த முதல் நாளே ஒரு மலைமாட்டுக் காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். அது என்னை இழுத்துக்கொண்டு மருந்தகத்தை மூன்று சுற்று சுற்றியது. பார்த்தவர்கள் நான் காளைக்கு நடை பழக்குகிறேன் என்று நினைத்தார்களாம். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் பிடிப்பதே வேலை. மாட்டுக்குக் கொம்பு, ஆட்டுக்குக் கால், நாய்க்குக் கழுத்து. பிடி, ஊசி விழும், விடு. ஏன் என்று மாடும் கேட்காது, நானும் கேட்க மாட்டேன்.

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது ஒரு டாக்டரம்மா மாற்றலாகி வந்தார். மெலிந்த ஆள். குரல் அதைவிட மெலிசு. நாய் வந்தால் தொடமாட்டார். பக்கவாட்டில் திரும்பி நின்றுகொள்வார். அதன் கண்ணைப் பார்க்க மாட்டார். கொண்டுவந்தவரிடம் ஊர்ப்பேச்சு பேசிக்கொண்டே இருப்பார். ஐந்து நிமிடத்தில் நாய் தானாக வந்து அவர் செருப்பை மோந்து பார்க்கும். அதற்குப் பிறகுதான் அவர் கை நகரும். இதற்குள் நான் கயிற்றோடு பாய்ந்து போய் நின்றால், "வீரணன், அவசரம் நாய்க்கா உங்களுக்கா?" என்பார். பழைய டாக்டர்கள் திட்டுவார்கள், அது உறைக்காது. இது வீட்டுக்குப் போன பிறகும் உறைக்கும்.

எந்த நாய் யாரைக் கடித்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான். "கடிக்கிறதுக்கு முன்னாடி என்ன நடந்தது?" பதிலை ஒரு நீல நோட்டில் எழுதுவார். "சும்மா இருந்தேம்மா, கடிச்சிருச்சு" என்று யாராவது சொன்னால் பேனாவை மூடிவிடுவார். "சும்மான்னா எப்படி? நின்னீங்களா, உக்காந்திருந்தீங்களா? கையில என்ன இருந்தது?" கடிபட்டவர் பாவம், கடியே தேவலை என்று முழிப்பார்.

அப்படி ஒரு நாள்தான் எஸ்தர் வந்தார். தேனி அல்லிநகரத்தில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறவர். என்னை அண்ணே என்று கூப்பிடுவார், எனக்கு அவர் தங்கச்சி முறை. அவருடைய அண்ணன் சாமுவேல், கம்பத்துக்கு மேலே மலையில் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் காவல் இருந்தவர். இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி, மலையை விட்டிறங்கி, கம்பத்தில் மகனுடைய வாடகை வீட்டில் வந்து படுத்துவிட்டார். அந்த வீட்டில் நாய்க்கு இடமில்லை. தன்னோடு ஐந்து வருடம் தோட்டத்தில் இருந்த நாயைத் தங்கச்சியிடம் கொடுத்திருக்கிறார். செவலை நிறம், கன்றுக்குட்டி உயரம், பெயர் குட்டன். சின்னப்பயல் என்று மலையாளத்துக்காரர்கள் வைத்த பெயராம். யாரையோ கேலி செய்யத்தான் வைத்திருக்க வேண்டும்.

வந்த இரண்டு மாதத்தில் குட்டன் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரின் கையைக் கடித்தது. அடுத்து எதிர்வீட்டுப் பவுன்ராசின் கெண்டைக்காலைக் கடித்து, அவர் கையில் பிடித்திருந்த வெள்ளை நாய்க்குட்டியின் காதையும் கிழித்தது. பவுன்ராசு சும்மா விடுகிற ஆள் இல்லை. தெருவைக் கூட்டிவிட்டார். இன்னும் ஒரு மாதம் தவணை. அதற்குள் நாய் மாறவில்லை என்றால், தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் அதையும் ஏற்றி மலைக்காட்டு ஓரத்தில் விட்டுவிட வேண்டும். "அங்கன சிறுத்த நடமாட்டம் இருக்கேப்பா" என்று ஒருவர் கேட்டதற்கு, "அதுக்குத்தான்" என்றாராம் பவுன்ராசு.

"அண்ணன்கிட்ட கடிச்சதச் சொல்லவே இல்லம்மா" என்றார் எஸ்தர் டாக்டரம்மாவிடம். "சொன்னா அந்த இடுப்போட நாயக் கூட்டிக்கிட்டுத் திரும்ப மலைக்குப் போயிருவாக. சிறுத்தைக்குக் குடுத்துட்டேன்னு பின்னால ஒரு நாள் சொல்லவும் எனக்கு வாய் வராது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் மீசையைத் தடவிவிட்டு, "நாளைக்கு நான் போயிப் பாக்குறேம்மா, இந்த மாதிரி எத்தனையப் பாத்துட்டோம்" என்றேன்.

போனேன். என் மேல் எப்போதும் மருந்தக வாடை இருக்கும். அதை மோந்துகொண்டு இரண்டு தெருநாய்கள் எஸ்தர் வீட்டுக் கேட்டு வரைக்கும் பின்னாலேயே வந்தன. "சூ, சூ, போங்கடா" என்று அதுகளை விரட்டிவிட்டு, உள்ளே கால் வைத்துக் கேட்டைச் சாத்தத் திரும்பினேன். திரும்பின இடத்தில் கடி விழுந்தது. எந்த இடம் என்று எழுத மகள் மாட்டேன் என்கிறாள். இரண்டு வாரம் நான் எங்கேயும் உட்காரவில்லை என்று மட்டும் எழுதச் சொன்னேன். கட்டியிருந்த கயிறு அறுந்து முற்றத்தில் கிடந்தது. எஸ்தர் மட்டும் பாய்ந்து பிடிக்காவிட்டால் மிச்சமும் போயிருக்கும்.

டாக்டரம்மா வந்து, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் குழாயடியில் கழுவச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு ஊசிக்கு அனுப்பினார். திரும்பி வந்ததும் நீல நோட்டைத் திறந்தார்.

"முன்னாடி என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கலம்மா. சும்மா திரும்புனேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பேனா மூடிவிட்டது. தெருநாயை விரட்டியதில் இருந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நோட்டில் முன்பே இருந்தபடி, சிலிண்டர்காரர் காலடியில் வந்த கோழிகளை விரட்டியிருக்கிறார். பவுன்ராசு தன் நாய்ப்பக்கம் வந்த குட்டனை விரட்டியிருக்கிறார். மூன்று பேரும் கையை வீசியிருக்கிறார்கள். சரி, கை வீசினால் பிடிக்காது போல என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து வேலை ஆரம்பித்தது. அடி கிடையாது, அதட்டல் கிடையாது. கயிற்றுக்குப் பதில் சங்கிலி. மூச்சு விடவும் தண்ணீர் குடிக்கவும் தோதாக ஒரு கம்பி வாய்க்கூடு. அதைக்கூடச் சட்டென்று மாட்டவில்லை. ஒரு வாரம் கூட்டுக்குள் ஈரல் துண்டை வைத்து, குட்டன் தானாக மூஞ்சியை நுழைக்கிற வரைக்கும் டாக்டரம்மா பொறுத்தார். பிறகு தெருமுனையில் நான் நிற்பேன். குட்டன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எஸ்தர் ஈரல் கொடுப்பார். அது உறுமினால் நான் பத்தடி பின்னால் போக வேண்டும். உறுமாவிட்டால் மறுநாள் இரண்டடி முன்னால். பேசாமல் நிற்கிற ஆள் என்றால் குட்டன் பசுமாடு மாதிரி நின்றது. திடீரென்று ஒரு நாள் யாரையாவது பார்த்துப் பாயும். கையை வீசிப் பார்த்தோம், அதற்கு ஒன்றும் செய்யவில்லை. வேறு என்ன என்று புரியவில்லை. மாதத்தில் பாதி ஓடிவிட்டது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. முதலில், நாய் கேரளாப் பக்கத்தில் வளர்ந்தது, தமிழ் புரியவில்லை என்று நினைத்து, "மோனே, இவிட வா" என்றேன். குட்டன் எஸ்தரைத் திரும்பிப் பார்த்தது. இந்த ஆள் நல்லாத்தானே இருந்தான் என்று கேட்கிற பார்வை. அடுத்தது மீசை. சிலிண்டர்காரருக்கு மீசை உண்டு. பவுன்ராசுக்கு மீசை உண்டு. எனக்கு உண்டு. எஸ்தருக்கு மீசை இல்லை, கடிக்கவில்லை. டாக்டரம்மாவுக்கு மீசை இல்லை, கடிக்கவில்லை. மூன்றாம் வகுப்பு வாத்தியார் இருந்திருந்தால் என்னைக் கட்டிப் பிடித்திருப்பார்.

மீசையை எடுத்தேன். இருபது வயதில் வைத்த மீசை. கதவைத் தட்டியதும் என் பொண்டாட்டி திறந்து, "யாரு வேணும்? அவுக வேலைக்குப் போயிருக்காக" என்றாள். அந்த மூஞ்சியோடு அல்லிநகரம் போய், குட்டனுக்கு எதிரே பத்தடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். குட்டன் கொட்டாவி விட்டது. நான் அழாத குறை. டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் என் மேலுதட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். நோட்டில் 'மீசை' என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

மறுநாள் அவரும் கூட வந்தார். எஸ்தர் முற்றத்தில் கூழ்வடகம் காயப்போட்டிருந்தார். சங்கிலி எஸ்தர் கையில், வாய்க்கூடு குட்டன் வாயில். ஒரு அம்மா பிளவுஸ் துணியோடு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். குட்டன் பார்த்தது, ஈரலைத் தின்றது. எல்லாம் சரி. அப்போது வடகத்தில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. நான் அதை விரட்டினேன். அடுத்த நொடி குட்டன் சங்கிலியோடு எஸ்தரையும் இழுத்துக்கொண்டு பறந்து போய் கேட்டில் மோதியது. அந்த அம்மா துணியைப் போட்டுவிட்டு ரோட்டில் விழுந்தார். அந்த அம்மாவுக்கு மீசை இல்லை.

எழுப்பி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினோம். டாக்டரம்மா இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"வீரணன், நீங்க இப்ப என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணுமே சொல்லலம்மா."

"வாயால ஏதோ சொன்னீங்க."

"காக்காய வெரட்டுனேன்."

"எப்படி? அதே மாதிரி திரும்பச் சொல்லுங்க."

"சூ" என்றேன்.

குட்டன் மறுபடி கேட்டில் போய் மோதியது.

மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம். நிஜமாகவே கையால் பொத்தினோம். டாக்டரம்மா நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினார். கோழியை விரட்டினார், நாயை விரட்டினார், தெருநாயை விரட்டினேன். எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. எப்படி விரட்டினார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கோழி, காக்கா, நாய் எதுவானாலும் எங்கள் பக்கம் விரட்டுவதற்கு வாயில் வருவது 'சூ'தான். நாயை ஒருத்தர் மேல் ஏவி விடுவதற்கும் அதே 'சூ'தான். இரண்டையும் சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறேன். இரண்டும் ஒரே சத்தம் என்று என் காதில் ஒரு நாளும் விழுந்ததில்லை.

"உங்க அண்ணனுக்குப் போன் போடுங்க" என்றார் டாக்டரம்மா. எஸ்தர் தயங்கிவிட்டு ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் சாமுவேல் அதிர்ந்துபோனார்.

"குட்டனா? கடிச்சுச்சா? ஆத்தா, அது சொல்லாமப் பல்லக் காட்டாதே!"

"என்ன சொன்னாக் காட்டும்ணே?"

"பன்னி வந்தாலும் சரி, காய் திருட ஆள் வந்தாலும் சரி, அடுத்த தோட்டத்து நாயி வந்தாலும் சரி, சூன்னு ஒரு வார்த்த, யாரு சொன்னாலும் எதுக்க நிக்கிற வேத்தாள் மேல பாஞ்சிரும். ஒரு தடவ சொன்னாப் போதும், சொன்ன பேச்சத் தட்டாது. ஆமா, நீங்க எத்தன தடவ சொன்னீக?"

மலைக்கு அனுப்பித் தொலைக்க வேண்டும் என்று ஒரு தெருவே சொன்ன நாய், அந்தத் தெருவிலேயே சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன். கடிக்காதே, போ என்று நினைத்து எல்லோரும் கடி, கடி என்று சொல்லியிருக்கிறோம். அது கடிக்கக் கடிக்கப் பயத்தில் இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கிறோம். நானோ இரண்டு தடவை சொல்லிவிட்டு முதுகையும் காட்டியிருக்கிறேன்.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்து கையைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் "சும்மா கடிச்சிருச்சு, வெறிநாயி" என்று கொண்டுவந்த நாய்களின் கழுத்தைக் கடைசி ஊசிக்குப் பிடித்தது இந்தக் கைதான். முன்னாடி என்ன நடந்தது என்று ஒன்றுக்குக்கூட நான் கேட்டதில்லை. இதைச் சொல்லும்போது கேலி பண்ண எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் டாக்டரம்மா சொன்னார்: "தேனி முழுக்கப் போய் யாரும் சூ சொல்லாதீங்கன்னு சொல்ல முடியாது. நாய்க்கு அந்த வார்த்தையோட அர்த்தத்தை மாத்திக் குடுப்போம்."

மிச்சம் பன்னிரண்டு நாள். கதவைச் சாத்திய தையலறைக்குள், பாய்வதற்கு ஆளும் இல்லாமல் நாயும் இல்லாமல், எஸ்தர் காதோடு ரகசியம் சொல்வது போல 'சூ' என்பார். சொல்லி முடிப்பதற்குள் வாய்க்கூட்டுக் கம்பி வழியாக ஈரல் உள்ளே போய்விட வேண்டும். பத்துத் தடவை, ஓய்வு. மறுபடி பத்து. இரண்டாம் நாள் குட்டன் 'சூ' கேட்டதும் பாய இடம் தேடாமல் கையைத் தேடியது. மூன்றாம் நாள் சத்தத்தைக் கூட்டினோம். பிறகு நான் சொல்லி நானே கொடுத்தேன். பிறகு முற்றத்தில், பிறகு கேட்டுக்கு வெளியே. மருந்தகத்துக்கு வந்த ஒரு கிழட்டு நாயைத் தெருமுனையில் நிறுத்தி குட்டனை அதைப் பார்க்க வைத்து 'சூ' சொன்னோம். அன்றைக்கு மட்டும் அவசரப்பட்டு நான் கிழட்டு நாயை ஐந்தடி கூடுதலாக முன்னால் நடத்திவிட்டேன். குட்டன் பாய்ந்துவிட்டது. "நாய் தப்பு பண்ணலை, நீங்க எட்டு வச்சது தப்பு" என்று டாக்டரம்மா மறுபடி தெருமுனையிலிருந்து ஆரம்பிக்க வைத்தார். தேனி கறிக்கடையில் அந்த வாரம் ஈரல் வாங்குகிறவன் நான் ஒருவன்தான். யாருக்கு இத்தனை ரத்தம் போச்சு என்று கறிக்கடைக்காரர் விசாரித்தார்.

ஜீப் வருகிற நாள் வந்தது. காலை ஏழு மணிக்கே தெரு கூடிவிட்டது. டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. பின்னால் பலகையில் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் கால் தூக்கி வைத்துக்கொண்டு, நாய்க்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். குட்டனை நான் வெளியே நடத்திக்கொண்டு வந்தேன். வாய்க்கூடு போட்டிருந்தது. எஸ்தர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஈரல் டப்பா அவர் கையில் இருந்தது. எதிரே பவுன்ராசு, ஒரு கையில் டீ, ஒரு கையில் கடித்த உளுந்த வடை, காலுக்கிடையில் அந்த வெள்ளை நாய்.

"என்ன வீரணா, மீசையக் குடுத்துட்டு நாய வாங்கிட்டியா?" என்றார். தெரு சிரித்தது. "சாதுவாயிருச்சுன்னு சொல்ற. அந்த சூவ நான் சொல்லிப் பாக்கலாமா?"

டாக்டரம்மா தலையசைத்தார். "எவ்வளவு சத்தமா வேணும்னாலும் சொல்லுங்க."

பவுன்ராசு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "சூ!" என்றார்.

குட்டன் எஸ்தரிடம் திரும்ப வேண்டும். அப்படித்தான் நாங்கள் நினைத்திருந்தோம். அது திரும்பவில்லை. நேராகப் பவுன்ராசை நோக்கி நடந்தது. சங்கிலியை இழுத்தேன், முதல் நாள் காளை இழுத்ததைப் போல என்னை இழுத்துக்கொண்டு போனது. தெரு சிதறியது. யாரோ, "ஏலே, ஜீப்பக் கிட்டக் கொண்டாங்கடா!" என்று கத்தினார்கள். எஸ்தர் டப்பாவைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. பவுன்ராசுக்கு ஓடக்கூடத் தோன்றவில்லை. "சூ... சூ..." என்று சொல்லிக்கொண்டே நின்றார். அவர் சொல்லச் சொல்லக் குட்டன் இன்னும் கிட்டே போனது.

போய், அவர் காலடியில் உட்கார்ந்தது. வெள்ளை நாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாய்க்கூட்டை அவர் முழங்காலில் வைத்து, அண்ணாந்து வடையைப் பார்த்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சூ சொன்னதும் எஸ்தர் மட்டும் கொடுத்திருந்தால் எஸ்தரிடம் திரும்பியிருக்கும். நானும் சொல்லி, நானும் கொடுத்துவிட்டேன். யார் சொல்கிறாரோ அவரிடம் தீனி இருக்கிறது என்று அது படித்துவிட்டது.

"வீரணா" என்றார் பவுன்ராசு, உதடு அசையாமல். "இப்ப நான் என்னய்யா செய்யணும்?"

"குடுக்கணும்ணே."

"ஏன்?"

"நீங்கதான கூப்புட்டீக."

டீ கிளாஸை மெதுவாகத் தரையில் வைத்தார். வடையில் ஒரு விள்ளல் பிய்த்துக் கம்பி வழியாக நீட்டினார். அவர் விரல் ஒன்றும் ஆகாமல் வெளியே வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிச்சத்தையும் நீட்டப் போனபோது, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக டாக்டரம்மா சத்தம் போட்டதைக் கேட்டேன்.

"நாய்க்கு வெங்காயம் ஆகாது! எடுத்துட்டுக் குடுங்க!"

ஜீப் டிரைவர் ஹாரனை அழுத்தினார். "வேலைக்கு நேரமாச்சு. நாயி வருதா வரலியா?"

பவுன்ராசு குனிந்த தலை நிமிரவில்லை. "பொறுய்யா" என்றார். "வெங்காயம் பொறுக்கிக்கிட்டு இருக்கேன்ல."